35ஆ, 50ஆ? முதல் பிரைம் லென்ஸ், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

மஞ்சக்குப்பத்தான்:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கையில் நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். இரண்டு வருடமாக அதை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தொழிலுக்கு இல்லை. வீட்டில் ஒன்றரை வயது மகள். ஞாயிறு காலையில் முதுநகர் துறைமுகம். வேலை புதுச்சேரியில் என்பதால் சாயங்காலம் பஸ் ஏறும் முன் கடற்கரைச் சாலையில் ஒரு அரை மணி நேரம். என் படமெல்லாம் இந்த மூன்று இடத்துக்குள் அடங்கிவிடும்.

ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள் எடுக்கிற படம் ஒன்றுகூடத் தேறுவதில்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் பாப்பா கையை ஆட்டினால் முகம் தெரிகிறது, கை கரைந்துபோகிறது. ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்ச உணர்திறனை, ஏற்றினால் கன்னத்தில் ரவை தூவியது போலப் புள்ளி.

பிரைம் வாங்கு என்கிறார்கள், அதாவது ஜூம் இல்லாமல் ஒரே மி.மீ. அளவில் நிற்கும் லென்ஸ். எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் கூட வருமாம். 35 எஃப் 1.8, 50 எஃப் 1.8 இரண்டில் எது? கடையில் கேட்டதற்கு, "50 தான் சார் ஸ்டாண்டர்டு, கண் பார்க்கிற மாதிரியே இருக்கும்" என்றார்கள். அலுவலகத்தில் ஒருவர் தன் பழைய 50ஐ 4,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். வாங்கிவிடலாமா?

கல்யாண கேமரா:
யோசிக்காமல் 50 எடுங்கள் தலைவா. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் மலையில் நின்று பாருங்கள், ஒரே நேரத்தில் பத்து ஜோடி இருக்கும். அந்தக் கூட்டத்தில் நம் பொண்ணு மாப்பிள்ளையை மட்டும் பிரித்துக் காட்ட எனக்கு 50தான் கை கொடுக்கிறது. பின்னால் நிற்கிற சித்தப்பா பெரியப்பா எல்லாம் வெண்ணெயாகக் கரைந்துவிடுவார்கள்.

கெடிலக்கரை:
தம்பி, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த லென்ஸ் மேல் 1.8க்குப் பக்கத்தில் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பாருங்கள். டியா, ஜியா?

டி5600 உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசை எல்லாமே அப்படித்தான். லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோ ஃபோகஸ் நடக்கும். 50 எஃப் 1.8 டி என்றால் உள்ளே மோட்டார் இல்லை. மாட்டினால் படம் எடுக்கும், வெளிச்சம் அளக்கும், ஃபோகஸை மட்டும் நீங்கள் கையால் திருக வேண்டும். அசையாத பொருளுக்குப் பரவாயில்லை. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு? அது தவழ்ந்து சமையலறைக்குப் போன பிறகுதான் உங்கள் ஃபோகஸ் வந்து சேரும். ஏ.எஃப்-எஸ் என்று போட்டு ஜி என்று முடிந்தால் கவலையில்லை.

கடைக்காரர் சொன்ன ஸ்டாண்டர்டு பொய்யில்லை, காலாவதியான உண்மை. 36க்கு 24 மி.மீ. ஃபிலிமுக்குச் சொன்னது அது. உங்கள் சென்சார் அதைவிடச் சின்னது, 1.5ஆல் பெருக்க வேண்டும். 50ஐ மாட்டினால் 75 போலத் தெரியும். 35ஐ மாட்டினால் 52 சொச்சம். அந்தக் காலத்து 50 உங்களுக்கு வேண்டுமென்றால் இன்று நீங்கள் வாங்க வேண்டியது 35.

புதுச்சேரியில் வேலை என்பதால் ஒன்று சொல்கிறேன். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் அங்கே வந்து ஆசிரமத்தில் அரவிந்தரைப் படமெடுத்தார். லைக்காவில் 50 மாட்டிக்கொண்டே வாழ்நாளில் பெரும்பகுதியை ஓட்டியவர் என்று பெயர். '50 போதும்' என்று பேசுகிறவர்கள் அவரைத்தான் காட்டுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நம் ஆட்கள் சின்ன சென்சாரில் 50ஐ மாட்டிக்கொண்டு வீட்டுச் சுவரில் முதுகை இடித்துக்கொள்கிறார்கள்.

கல்யாண கேமரா:
அண்ணன் சொல்வது சரி. நான் வைத்திருப்பது ஃபுல் ஃபிரேம், அந்த ஃபிலிம் அளவே சென்சார், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

வெள்ளைநகர் நடைக்காரி:
பெருக்கல் கணக்கு எனக்கும் ஆரம்பத்தில் மண்டையில் ஏறவில்லை. அடிக்கணக்காகச் சொன்னால் ஏறும். உங்கள் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. அதை லென்ஸ் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 35ல் நீங்கள் நிற்கிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் படத்துக்குள் வரும். 50ல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. 24 என்றால் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்களோ கிட்டத்தட்ட அவ்வளவு.

இப்போது டேப்பை எடுத்து உங்கள் ஹாலை அளங்கள். பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் போக நீங்கள் பின்வாங்க முடிவது ஒன்பது அடி. 35ல் ஆறு அடி அகலம் கிடைக்கும். பாட்டி, பாப்பா, விரித்த பாய், சிந்திய பொரி எல்லாம் வந்துவிடும். 50ல் நாலேகால் அடி. பாட்டி வருவார், பொரி வராது. எனக்கென்னவோ வீட்டுப் படத்தில் பொரிதான் முக்கியம்.

செலவில்லாமல் இன்னொரு வழியும் இருக்கிறது. போனில் மெயின் கேமரா பெரும்பாலும் 24, 26 அளவு, அதுவும் ஃபுல் ஃபிரேம் கணக்கில். 2 எக்ஸில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேமராவில் 35 காட்டுவதை ஒட்டி இருக்கும். 3 எக்ஸில் வைத்தால் 50. இன்று சாயங்காலம் 2 எக்ஸில் பத்து நிமிடம், 3 எக்ஸில் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வாருங்கள். எதில் அடிக்கடி சுவரில் முட்டுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

என் பக்கத்துத் தெருக்களுக்கு இரண்டும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி துய்மா வீதியில் ஒரு மஞ்சள் வீட்டை வாசல், காகிதப்பூக்கொடி, மேல்மாடி பால்கனியோடு முழுசாக எடுக்க எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றாலும் 35 போதாது. அதற்குக் கிட் லென்ஸின் 18 இருக்கிறதே. பகல் வெளிச்சத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை, விற்றுவிடாதீர்கள்.

உப்பளம்:
இடையில் ஒரு சந்தேகம். அப்படியென்றால் 24 பிரைம் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? என் கேனானில் 24 எஃப் 2.8தான் எந்நேரமும் இருக்கிறது. தட்டையாக இருக்கும், சட்டைப்பையில் போகும்.

கெடிலக்கரை:
கேனானில் அது நல்ல சாமான். 125 கிராம்தான், 16 செ.மீ. வரை கிட்டே போகலாம். நிக்கானின் இந்தப் பழைய மவுன்ட்டில், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாயில், இந்தச் சென்சாருக்கென்று அப்படி ஒரு சின்ன 24 கிடையாது. 24 எஃப் 1.8 ஜி உண்டு, அது ஃபுல் ஃபிரேமுக்குச் செய்தது, தம்பி பட்ஜெட்டைப் பல மடங்கு தாண்டும். 2023ல் வந்த 24 எஃப் 1.7, இசட் மவுன்ட். இதில் மாட்டவே மாட்டாது. அதனால்தான் பேச்சு 35, 50 என்று நிற்கிறது.

மஞ்சக்குப்பத்தான்:
எல்லோருக்கும் நன்றி. கெடிலக்கரை அண்ணா, நல்லவேளை. இன்று அந்த லென்ஸை வாங்கிப் பார்த்தேன். டி என்றே போட்டிருக்கிறது. மாட்டியதும் திரையில் எஃப்.இ.இ. என்று வந்து கேமரா அசையவே இல்லை. கெட்டுப்போன லென்ஸா?

அக்கா சொன்னபடி ஹாலை அளந்தேன். பீரோவை ஒட்டி நின்றால் எட்டரை அடி. போனில் 3 எக்ஸ் வைத்தபோது நான் மெல்லப் பின்வாங்கி வாசற்படி தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் "யாருக்கு போன் பண்றீங்க" என்று கேட்டார்.

போன மூன்று மாதப் படங்களில் ஃபோகல் லெங்த் என்ன என்றும் எண்ணிப் பார்த்தேன். வீட்டில் பெரும்பாலும் 28க்கும் 38க்கும் நடுவில். துறைமுகத்தில் முக்கால்வாசி 55. இதுதான் குழப்புகிறது. துறைமுகத்துக்கு 50, வீட்டுக்கு 35 என்று இரண்டும் வாங்க வேண்டுமோ?

கெடிலக்கரை:
லென்ஸ் கெடவில்லை. அதில் வெளிச்சத் துளையை மாற்றுகிற வளையம் இருக்கும், 22ல் வைத்துப் பூட்டினால் எஃப்.இ.இ. போய்விடும். ஆனாலும் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

55 என்று வருவதை அப்படியே நம்பாதீர்கள். ஜூம் லென்ஸில் எல்லோருக்கும் இரண்டு முனையிலும் எண்ணிக்கை கூடும். 55ல் நின்றது அது போதும் என்பதாலா, அதற்கு மேல் திருக முடியாததாலா? நீங்கள் கூச்சத்தில் தள்ளி நின்று எடுத்தீர்கள் என்றால் 50 வாங்கினாலும் இன்னும் தள்ளித்தான் நிற்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிட் லென்ஸை 35ல் வைத்து ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
போய் வந்தேன். முதல் அரை மணி நேரம் எரிச்சல்தான். படகெல்லாம் தூரத்தில் பொம்மை போல இருந்தது. அப்புறம் ஏலம் நடக்கிற இடத்தில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நெத்திலியைக் கூறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், எடுக்கலாமா என்று கேட்டேன். "மீன எடு, என்ன எடுக்காத" என்றார். சரி என்று கிட்டே குனிந்து மீனை எடுத்தேன். நாலாவது படம் எடுக்கும்போது அவரே, "இப்டி நெழல்ல நின்னா என்னா தெரியும், அந்தப் பக்கம் வா" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். கூறு, கை, மூக்குத்தி, பின்னால் வலை இழுக்கிறவர்கள் எல்லாம் ஒரே படத்தில் வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் 55ல் எடுத்த எதிலும் இது இல்லை.

35 என்று முடிவு செய்துவிட்டேன். செகண்ட் ஹேண்டில் 35 எஃப் 1.8 ஜி டி.எக்ஸ்., இந்தச் சின்ன சென்சாருக்கென்று செய்தது, ஒன்று வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

வெள்ளைநகர் நடைக்காரி:
கடலோரத்து லென்ஸ் என்றால் முதல் சந்தேகம் பூஞ்சைதான். மூடி இரண்டையும் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்திவலை போலவோ வேர் போலவோ நூல் ஓடினால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. மாட்டி, கிட்டே, தூரத்தில் என்று மாறி மாறிப் பத்துத் தடவை ஃபோகஸ் பண்ணிப் பாருங்கள், தயங்கக் கூடாது.

வாங்கிய பிறகு தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பா, அதில் சிலிக்கா ஜெல், முடிந்தால் சின்ன ஈரப்பத மானி. 40லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். சிலர் அரிசிக்குள் வைக்கச் சொல்வார்கள், மாவுத்தூசி உள்ளே போகும், செய்யாதீர்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் முன் கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கும். எடுத்ததும் துடைக்காமல் முதலில் புளோவரால் ஊதிவிடுங்கள், மணல் இருந்தால் கீறும்.

மஞ்சக்குப்பத்தான்:
வாங்கியாயிற்று, 7,500. நேற்று இரவு வீட்டில் எடுத்தேன். வெளிச்சம் அள்ளுகிறது. ஆனால் இப்போது வேறு சிக்கல். எஃப் 1.8ல் இருபது படம் எடுத்தால் பன்னிரண்டில் பாப்பாவின் மூக்கு தெளிவாக இருக்கிறது, கண் தெளிவில்லை. லென்ஸில் கோளாறா?

கெடிலக்கரை:
கோளாறில்லை தம்பி, தூரம்தான். மூன்று, மூன்றேகால் அடியில் நின்று எஃப் 1.8ல் எடுத்தால் உங்களுக்குத் தெளிவாகக் கிடைப்பது மொத்தம் ஆறு செ.மீ. ஆழம். பாப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கண் அதிலிருந்து வெளியே போய்விடும். அந்த 50ஐ வாங்கியிருந்தால் அதே தூரத்தில் மூன்று செ.மீ.தான். எஃப் 2.8க்கு இறக்குங்கள், ஒன்பது செ.மீ. ஆகும். அப்போதும் கிட் லென்ஸின் 55 முனையில் எஃப் 5.6ல் கிடைத்ததைப் போல நாலு மடங்கு வெளிச்சம் இருக்கும்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைச் சாய்க்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். 39 புள்ளி இருக்கிறது, கண்மேல் விழுகிற புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஃபோகஸ் ஏ.எஃப்-சி, அசைகிறதைத் தொடர்ந்து பிடிக்கும். ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, குறைந்தபட்ச ஷட்டர் 1/200. எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டால் 1/250க்கு மேல்.

மஞ்சக்குப்பத்தான்:
அப்படியே செய்தேன், இருபதில் பதினைந்து தேறியது. நன்றி அண்ணா.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தார். இந்த லென்ஸ் 30 செ.மீ. வரை கிட்டே போகும் என்று படித்திருந்தேன், போய்ப் பார்த்தேன். இரண்டு விரலுக்கு நடுவில் நான்கு மொட்டு, வாழைநார் ஒரு சுற்றுச் சுற்றி இறுகுகிற அந்த இடம், நாரில் நனைந்திருந்த தண்ணீர். கட்டிய சரம் மடியில் கலங்கலாக வெள்ளையாகத் தெரிகிறது. எனக்கு இதுவரை எடுத்ததிலேயே பிடித்த படம். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "ஏழாயிரம் ரூபா லென்ஸுங்கற, என் மூஞ்சி எங்கடா" என்றார்.

கல்யாண கேமரா:
அம்மா 50 கேட்கிறார்.