உபுண்டு மினிமலில் (உபுண்டு லினக்ஸின் சுருக்கப் பதிப்பு) 'மேன்' கையேடு வரவில்லை

கேள்வி (மண்டபம்): கடல்காத்து பலமா அடிச்சா நெட் போயிடுது, உதவிக் கையேடு கணினிக்குள்ளேயே வேணும். எல்எஸ் கட்டளையின் கையேட்டைப் பார்க்க 'மேன் எல்எஸ்' அடிச்சா, சிஸ்டம் மினிமைஸ் ஆகியிருக்குன்னு மட்டும் வருது. என்ன செய்யணும் அண்ணே?

பதில் (கீழக்கரை): தம்பி, கையேட்டைக் காட்டும் மேன்-டிபி பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) மட்டும் போட்டால் போதாது. மினிமலில் கையேட்டுக் கோப்புகளை நிறுவாமல் விடும்படி, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி நிரலுக்கு விதி எழுதியிருக்கும். 'சூடோ அன்மினிமைஸ்' கொடுங்க ('சூடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது), அது விதியை நீக்கும். கட்டளையே இல்லைன்னா, அதே பெயர் பேக்கேஜை 'ஆப்ட்' கட்டளையால் நிறுவுங்க. அன்மினிமைஸ் பேக்கேஜ்களை மறுபடி இறக்கும். நெட் நிலையா இருக்கும்போது ஓட்டுங்க.

பதில் (பாம்பன்): பிறகு 'சூடோ மேன்டிபி' கொடுங்க, அது கையேடுகளுக்கு அட்டவணை போடும். அட்டவணை இல்லாவிட்டால், சொல்லை வைத்துக் கையேடு தேடும் 'மேன் -கே' தேடலில் ஒன்றும் கிடைக்காது. கையேட்டுப் பிரிவு எண்ணைக் கவனிங்க: க்ரான்டேப் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் பட்டியல்) என்றால், 'மேன் 1 க்ரான்டேப்' கட்டளையைப் பற்றி, 'மேன் 5 க்ரான்டேப்' கோப்பு வடிவத்தைப் பற்றி.

கேட்டவர்: வந்திருச்சு! கையேட்டிலிருந்து வெளியே வர?

பதில் (பாம்பன்): க்யூ எழுத்தை அழுத்துங்க.