உலக பேஸ்போல் கிளாசிக்: யாழ்ப்பாணத்தில இருந்து ஒழுங்காப் பாக்கிறது எப்பிடி?

தெல்லிப்பழைப் பார்வையாளர்:
வணக்கம். நாட்டு அணிகள் மோதுற இந்தத் தொடர் 2026 மார்ச் 5ஆம் திகதி தொடங்குது. டோக்கியோ, சான் ஹுவான், ஹூஸ்டன், மியாமி எண்டு நாலு இடம். ஒவ்வொரு இடத்திலயும் அஞ்சு அணி, மொத்தம் 20. மூண்டு ஸ்ட்ரைக் எண்டால் அவுட், நாலு போல் (பிழையான எறி) எண்டால் முதல் பேஸுக்கு நடை, ஒம்பது இன்னிங்ஸ், எல்லாம் தெரியும். பிடிபடாதது வேற. எங்கட நேரத்துக்கு எந்த ஆட்டம் எப்ப வரும்? நல்லா எறிஞ்சு கொண்டிருக்கிற பிட்சரை (பந்து எறியிறவரை) ஏன் நாலாவது இன்னிங்ஸிலயே எடுக்கினம்? ரெண்டு மூண்டு அணி ஒரே வெற்றி எண்ணிக்கையில நிண்டால் ஆர் மேல போறது? விவரமாச் சொல்லுங்கோ.

கொக்குவில் கடிகாரம்:
நேரத்தை நான் சொல்லுறன். டோக்கியோ எங்களைவிட மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அங்க மத்தியானம் 12 எண்டால் இங்க காலை 8.30. அங்க இரவு 7 எண்டால் இங்க பின்னேரம் 3.30. ஜப்பான், கொரியா, அவுஸ்திரேலியா, சீன தைப்பே (தாய்வான்), செக் குடியரசு அஞ்சும் டோக்கியோவிலதான். முதல்முறை பாக்கிற ஆள் இந்தப் பிரிவை முழுசாப் பாத்தால் காணும், நித்திரை முழிக்கத் தேவையில்லை.

பிழை நடக்கிறது அமெரிக்கப் பக்கத்திலதான். மார்ச் மாசத்து ரெண்டாவது ஞாயிறு (இந்த முறை 8ஆம் திகதி) அங்க கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவினம். தொடர் நடக்கிற நேரத்துக்குள்ளேயே அது வருது. மியாமியில இரவு 7 மணி ஆட்டம் அதுக்கு முதல் எங்களுக்கு அடுத்த நாள் விடிய 5.30, அதுக்குப் பிறகு 4.30. ஹூஸ்டன் எண்டால் 6.30, பிறகு 5.30. சான் ஹுவான், அதாவது புவேர்ட்டோ ரிக்கோ, கடிகாரத்தைத் தொடாது. இரவு 7 எப்பவும் எங்களுக்கு விடிய 4.30தான். முதல் வாரத்து அலாரத்தை அப்பிடியே விட்டால் ரெண்டாவது வாரத்தில மூண்டு இன்னிங்ஸ் போயிருக்கும்.

போன் கலண்டரில கையால போடேக்க நேர வலயத்தை 'கொழும்பு' எண்டு விடாமல், ஆட்டம் நடக்கிற ஊரின்ர வலயத்தைத் தெரிவு செய்து அந்த ஊர் நேரத்தையே அடியுங்கோ. போன் தானே மாத்தும், திகதியும் சரியா விழும். 2023 இறுதி ஆட்டம் மார்ச் 21 எண்டுதான் எல்லா இடமும் எழுதியிருந்தது. எங்களுக்கு அது 22ஆம் திகதி விடிய 4.30.

மூண்டாம் பேஸ்:
பிட்சர் விசயம். இந்தத் தொடரை விளங்கிக்கொள்ளுறதுக்கு இதுதான் திறப்பு, ஆறுதலா வாசியுங்கோ.

மார்ச் மாசம் அமெரிக்கக் கழகங்களுக்குப் பயிற்சிக் காலம். கோடிக்கணக்கான டொலர் சம்பளக் கைகள் முழுப் பலத்தில எறிய இன்னும் தயார் இல்லை. அதாலதான் ஒரு ஆளுக்கு ஒரு ஆட்டத்தில இத்தனை பந்து எண்டு கட்டுப்பாடு: பிரிவுச் சுற்றில 65, காலிறுதியில 80, அரையிறுதி இறுதியில 95. எண்ணிக்கை முடியேக்க ஒரு துடுப்பாட்டக்காரர் நடுவில நிண்டால் அவரை முடிச்சுப் போட்டுப் போகலாம்.

அதைவிட முக்கியம் ஓய்வு விதி. 50 பந்தோ அதுக்கு மேலயோ எறிஞ்சால் நாலு நாள் ஓய்வு. 30 அல்லது அதுக்கு மேல எண்டால் ஒரு நாள். அடுத்தடுத்து ரெண்டு நாள் எறிஞ்சால், எத்தினை பந்தா இருந்தாலும், மூண்டாம் நாள் ஓய்வு. அப்ப 49க்கும் 50க்கும் நடுவில இருக்கிறது ஒரு பந்து இல்லை, மூண்டு நாள். திரையில எண்ணிக்கை 27, 28 எண்டோ 46, 47 எண்டோ வரேக்க பயிற்சியாளர் எழும்பி நடந்தால் காரணம் அதுதான்.

2023இல ஜப்பானின்ர ஓஹ்தானியைப் பாருங்கோ. சீனாவோட நாலு இன்னிங்ஸ், 49 பந்து, வெளியில. மார்ச் 16 இத்தாலியோட காலிறுதியில 71 பந்து. அப்ப 17, 18, 19, 20 கட்டாய ஓய்வு. 21ஆம் திகதி இறுதி ஆட்டத்தின்ர ஒம்பதாவது இன்னிங்ஸில வந்து, மூண்டு போல் ரெண்டு ஸ்ட்ரைக்கில அமெரிக்காவின்ர ட்ரவுட்டை ஸ்லைடரால (பக்கமா விலகிற பந்து) வீழ்த்தி 3-2 எண்டு முடிச்சார். ஒரு நாள் தள்ளிக் காலிறுதி நடந்திருந்தால் அந்தக் காட்சியே இல்லை.

ஆகவே ஆட்டம் முடிஞ்சதும் ஸ்கோரை மட்டும் பாத்துப் போட்டு மூடாதையுங்கோ. எம்.எல்.பி. (அமெரிக்கப் பெரிய லீக்) செயலியில கேம்டே பக்கத்தைத் திறந்தால் பிட்சர் ஒவ்வொருத்தரும் எறிஞ்ச பந்து இருக்கும். ஒரு கொப்பியில மூண்டு நிரல் போடுங்கோ: பெயர், பந்து, திரும்ப எறியக்கூடிய திகதி. மூண்டாவது ஆட்டத்துக்கு முதல் எந்த அணியிட்ட ஆக்கள் மிச்சம் எண்டு அதிலேயே தெரியும். பெரிய பெயர் இருக்கிற அணி திடீரெண்டு தடுமாறுறதுக்குப் பெரும்பாலும் துடுப்பு காரணமில்லை, எறிய ஆள் இல்லாததுதான்.

வடமராட்சிக் கணக்கு:
சமநிலைக் கணக்கு எளிமையானது. ஆனால் கிரிக்கெட்டின் நிகர ஓட்ட விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் இங்கே வழுக்குவார்கள். இதில் எடுத்த ஓட்டத்துக்கு மதிப்பே இல்லை, கொடுத்த ஓட்டம் மட்டுமே பேசும்.

இரண்டு அணிகள் சமன் என்றால், அவை மோதிய ஆட்டத்தில் வென்ற அணி மேலே. மூன்று அணிகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வென்றிருந்தால், அந்த மூன்றும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுக்க வேண்டும். அவற்றில் கொடுத்த ஓட்டத்தை, எதிரணியில் எடுத்த அவுட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். குறைந்த எண் மேலே.

2006இல் நடந்ததை வைத்தே காட்டுகிறேன். இரண்டாம் சுற்றில் ஜப்பான், அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. அமெரிக்கா ஜப்பானை 4-3, ஜப்பான் மெக்சிகோவை 6-1, மெக்சிகோ அமெரிக்காவை 2-1 என்று வென்றிருந்தன. மெக்சிகோ கொடுத்தது 7 ஓட்டம். ஜப்பானும் அமெரிக்காவும் ஆளுக்கு 5. இனி அவுட்களைப் பாருங்கள். ஒரு இன்னிங்ஸில் ஓர் அணிக்கு மூன்று அவுட், ஒன்பதுக்கு 27. ஜப்பான் அமெரிக்காவிடம் தோற்றது ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில், இரண்டு அவுட் எடுத்த பிறகு: 26. மெக்சிகோவுடன் 27. மொத்தம் 53. அமெரிக்கா ஜப்பானுடன் 27 எடுத்தது. ஆனால் பின்னால் துடுப்பெடுத்த மெக்சிகோ முன்னிலையில் இருந்ததால் ஒன்பதாவதில் ஆட வரவே இல்லை, ஆகவே 24. மொத்தம் 51. ஐந்தை 53ஆல் வகுத்தால் 0.0943, 51ஆல் வகுத்தால் 0.0980. அப்போது அவுட்டுக்குப் பதிலாக இன்னிங்ஸால் வகுத்தார்கள், விடை மாறாது. அந்த இரண்டு அவுட்டில் ஜப்பான் அரையிறுதிக்குப் போய், கிண்ணத்தையும் வென்றது.

இன்னொரு இடம் கவனிக்க வேண்டும். ஏழு இன்னிங்ஸுக்குப் பின் 10 ஓட்ட முன்னிலை, அல்லது ஐந்துக்குப் பின் 15 என்றால் ஆட்டம் அத்துடன் நிறுத்தப்படும். ஐந்தில் முடிந்தால் வென்ற அணிக்கும் 15 அவுட்தான். அதில் கொடுத்த ஒரு ஓட்டம், 27 அவுட்டில் கொடுத்த ஒன்றைவிடக் கனமாக விழும்.

தெல்லிப்பழைப் பார்வையாளர்:
நல்லா விளங்குது, நன்றி. அப்ப தோக்கிற அணியும் கடைசி வரைக்கும் ஓட்டத்தைத் தடுக்க வேணும் எண்டுறியள். ஸ்கோர் அட்டையில பிட்சருக்கு 5.2 எண்டு கிடந்தால் ஓவர் மாதிரித்தானா?

வடமராட்சிக் கணக்கு:
ஆம், ஐந்து இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். 17 அவுட் என்று மாற்றி எழுதுங்கள், கணிப்பானில் 5.2 என்றே அடித்தால் விடை பிழைக்கும். தடுக்கத்தான் வேண்டும் என்பதற்கு 2023இல் தாய்வானின் தைச்சுங் நகரில் நடந்த பிரிவே சாட்சி. ஐந்து அணியும் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. கியூபாவும் இத்தாலியும் மேலே போயின. சொந்த மண்ணில் ஆடிய சீன தைப்பே கடைசி, அடுத்த தொடருக்குத் தகுதிச் சுற்று ஆட வேண்டி வந்தது. அதே அணிதான் 2024 நவம்பரில் பிரிமியர் 12 என்ற இன்னொரு சர்வதேசத் தொடரின் இறுதியில் டோக்கியோ டோமில் ஜப்பானை 4-0 என்று வென்றது. டோக்கியோப் பிரிவில் இவர்களைக் கட்டாயம் பாருங்கள்.

நீர்வேலி:
ஒண்டு கேக்கலாமோ? இத்தாலி அணியில முக்கால்வாசி அமெரிக்கப் பெயரா இருக்கே? பிறகு, இலங்கை ஏன் இல்லை?

மூண்டாம் பேஸ்:
பெற்றார் ஒருத்தர் அந்த நாட்டில பிறந்தவர் அல்லது குடியுரிமை உள்ளவர் எண்டால், அல்லது ஆளுக்கே குடியுரிமை எடுக்கத் தகுதி இருந்தால் ஆடலாம். கலிபோர்னியாவில பிறந்த நூட்பார் தாய் வழியில 2023இல ஜப்பானுக்கு ஆடினவர்.

இலங்கை இதுவரைக்கும் இந்தத் தொடரின்ர தகுதிச் சுற்றுக்கும் வந்ததில்லை. தெற்காசியாவில பாகிஸ்தான் 2016இல புரூக்ளினில நடந்த தகுதிச் சுற்றில ஆடினது. எங்கட தேசிய அணி ஆடுறது ஆசிய மட்டத்திலதான். ஹோமாகமவுக்குப் பக்கத்தில தியகமவில ஜப்பான் உதவியோட கட்டின பேஸ்போல் மைதானம் இருக்கு. கொழும்புப் பக்கம் போறாக்கள், அங்க ஆட்டம் நடக்கிற நாளாப் பாத்துப் போங்கோ. எங்கட எல்லே விளையாட்டுத் தெரிஞ்ச கண்ணுக்கு ஓட்டம் உடன விளங்கும். எறியிறதைப் பாக்கத்தான் கச்சருக்கு (பிட்சரின்ர பந்தைப் பிடிக்கிறவருக்கு) பின்னால, வலைக்குக் கிட்ட இருக்க வேணும்.