சைவச் சாப்பாட்டில் இரும்புச்சத்து: உங்கள் குழந்தைக்கு என்ன செய்து கொடுக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று வந்திருக்கிறது. சொட்டு மருந்து கொடுக்கிறோம், அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பாடுதான் சிக்கல். மூளை வேகமாக வளரும் வயது இது, இரும்பு குறைந்தால் கவனமும் கற்கும் திறனும் பாதிக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே கவலை.

வீட்டில் எல்லோரும் சைவம். மாமியாரிடம் பேசி, தனிப் பாத்திரத்தில் முட்டை வேகவைக்க மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன் (அதுவே பெரிய சாதனை!). மத்தி, நெத்திலி என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

முருங்கைக்கீரையைப் பருப்போடு மசித்துக் கொடுத்தால், பச்சையாக ஏதாவது கண்ணில் பட்டதும் துப்பிவிடுகிறான். கேழ்வரகுக் கூழ் குடிப்பான், ஆனால் அதில் கால்சியம்தான் அதிகம். கம்பில் இரும்பு கூடுதல் என்கிறார்கள். இந்த வயதுக்கு அதை எப்படிச் சமைப்பது? முளைகட்டி அரைக்க வேண்டுமா? பாலை நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொன்னார்கள். ராத்திரிப் பாலை எப்படிக் குறைத்தீர்கள்?

பருப்பு சாதத்தில் கடைசியாக எலுமிச்சைச் சாறு பிழிகிறேன், வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேருமாம். நெல்லிக்காயைப் புளிப்பு தெரியாமல் கொடுக்க வழி உண்டா?

அனுபவப்பட்டவர்கள் செய்முறையோடு எழுதுங்கள். சத்துமாவு விற்பவர்கள் மட்டும் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.