23 லிட்டர் வைனுக்கு எந்தத் திராட்சை வாங்கலாம்? கன்கார்டா, ஜின்பண்டலா, பேக்கோவா?

கம்பத்துக்காரன்:
வணக்கம். டொராண்டோ பக்கம் இருக்கேன். இதுவரை கிட் வைன் (பெட்டியில் தயாராக வரும் சாற்றில் போடுவது) மட்டும்தான்; இந்த செப்டம்பர் கடைசியில் பழத்திலிருந்தே போடலாம்னு திட்டம். 23 லிட்டர் கார்பாய் (குறுகிய வாய்ப் பெரிய ஜாடி), 30 லிட்டர் வாளி, சர்க்கரை அளக்க ஹைட்ரோமீட்டர் இருக்கு. இங்கே கிடைப்பவை: நயாகரா பண்ணைகளின் கன்கார்ட், பேக்கோ நுவார், கேபர்னே பிராங்க், கலிபோர்னியாவிலிருந்து பெட்டியில் வரும் ஜின்பண்டல், அலிகாந்தே, மஸ்கட், அப்புறம் கடையில் விற்கும் சீட்லெஸ். ஊர்ப் பன்னீர் திராட்சை வாசம் வரணும், லேசா இனிப்பு இருக்கணும். கன்கார்ட்தான் நம்ம பன்னீர்னு ஒருத்தர் சொல்றார். சரியா? எத்தனை பெட்டி தேவைப்படும்?

மண்டி:
சரியில்லை. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம் (2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது இதற்குத்தான்). அந்த ரோஜா வாசம் மஸ்கட் குடும்பத்துடையது. கன்கார்ட் வேறு கிளை. அதற்கு நம் பக்கத்துச் சொந்தம் பெங்களூர் ப்ளூ. கிரேப் மிட்டாயை நினைவுபடுத்தும் அந்த வாசத்துக்குக் காரணம் மெத்தில் ஆந்த்ரனிலேட். மிட்டாயில் செயற்கையாகச் சேர்ப்பதும் அதே பொருள்தான். ஜூஸில் நன்றாக இருக்கும். சர்க்கரை முழுக்கப் புளித்து வைன் வறண்டுபோனால் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

கன்கார்டில் வைனே ஆகாது என்று சொல்லவில்லை. பழம் 16 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் இத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) பக்கம்தான் நிற்கும், அதாவது 9% ஆல்கஹால். 12% வேண்டுமென்றால் 3% ஏற்ற வேண்டும். ஒரு சதவீதத்துக்கு லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை, ஆக 20 லிட்டருக்கு ஒரு கிலோ. புளிப்பும் அதிகம்; பழத்தில் உள்ள மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் 71பி என்ற ஈஸ்ட் ரகத்தைப் போடுங்கள். பெக்டின் (பழத்தைக் கூழாக்கும் பொருள்) நிறைய இருப்பதால் அதை உடைக்கும் பெக்டிக் என்சைம் கட்டாயம், இல்லாவிட்டால் பிழியும்போது ஜெல்லி மாதிரி வழுக்கும், வைனும் தெளியாது. தோலோடு 3, 4 நாள் போதும்.

சீட்லெஸ்ஸை விட்டுவிடுங்கள். மெல்லிய தோல், கொட்டை இல்லை, அதனால் துவர்ப்பும் இல்லை. புளிப்பு குறைவு, வாசம் ஒன்றுமில்லை. குளிர்க்கிடங்கில் கந்தக டையாக்சைடு பட்டு வந்த பழமாகவும் இருக்கலாம், ஈஸ்ட் கிளம்பவே தயங்கும். அதில் நீங்கள் போடும் சர்க்கரையும் அமிலமும்தான் வைனாகும், திராட்சை இல்லை.

பன்னீர் வாசம்தான் குறி என்றால் மஸ்கட் பெட்டியைப் பாருங்கள். வழக்கமாக வருவது வெள்ளை மஸ்கட். கறுப்பு மஸ்கட் என்று எழுதிய பெட்டி கண்ணில் பட்டால் யோசிக்காதீர்கள், அதுதான் மஸ்கட் ஹாம்பர்க், உங்கள் ஊர்ப் பழம். அதில் நிறம் மட்டும் கம்மி.

புளிப்புமானி:
பெட்டிக் கணக்கு நான் சொல்லுறன். ஒரு பெட்டி 36 பவுண்ட், 16 கிலோ சொச்சம். சிவப்பெண்டா பெட்டிக்கு 8 முதல் 9 லிட்டர் வைன் தேறும். 23 லிட்டர் கார்பாய் நிறைய 3 பெட்டி வேணும். ஆனா உங்கட 30 லிட்டர் வாளி காணாது. நசுக்கின பழமே 45 லிட்டர் வரும், புளிக்கேக்க தோல் எழும்பி மூன்றில் ஒரு பங்கு கூடும். 70 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் பீப்பா ஒண்டு எடுங்கோ.

வாங்கேக்க பெட்டியின்ர மேற்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதேங்கோ. ஒரு பெட்டியைக் கவிழ்த்து அடியில கிடக்கிற கொத்தைப் பாருங்கோ. சாறு கசிஞ்சு வினாகிரி மணத்தா, சாம்பல் பூஞ்சை தெரிஞ்சா விட்டிட்டு வாங்கோ. சந்தேகமெண்டா கொஞ்சச் சாற்றை கிளாஸில ஊத்தி ராவைக்கு வையுங்கோ. காலமை கபில நிறமாகிக் கிடந்தா அந்தப் பழத்தில பூஞ்சையின்ர லாக்கேஸ் நொதி இருக்கு, பிறகு என்ன சல்பைட் (வைன் கெடாமல் போடுற கந்தக உப்பு) போட்டாலும் நிறம் நிக்காது.

ஜின்பண்டல் நல்ல பழம், ஆனா கள்ளப் பழம். ஒரே கொத்தில பச்சைக்காயும் இருக்கும், கிஸ்மிஸ் ஆனதும் இருக்கும். நசுக்கின உடனே அளந்தா 24 பிரிக்ஸ் காட்டும். அந்தக் கிஸ்மிஸ் ஊறினாப் பிறகு அடுத்த நாள் 26 காட்டும். எனவே முதல் நாள் அளவை நம்பி சர்க்கரை போடாதேங்கோ. 26க்கு மேல போனா தண்ணி விடலாம்: 20 லிட்டர் சாறு, 28 பிரிக்ஸை 24 ஆக்க 3.3 லிட்டர். வெறும் தண்ணி விடக்கூடாது, லிட்டருக்கு 6 கிராம் டார்டாரிக் அமிலம் கரைச்சு விடோணும். இல்லாட்டி புளிப்புக் குறைஞ்சு பிஎச் 3.8ஐத் தாண்டி வைன் தட்டையா, கெட்டுப்போறதுக்கு வசதியா நிக்கும்.

அலிகாந்தே சதையே சிவப்பான பழம், நிறத்துக்கு மட்டும் சேர்க்கிறது. இரண்டரைப் பெட்டி ஜின்பண்டல், அரைப்பெட்டி அலிகாந்தே காணும். முழுக்க அலிகாந்தே எண்டா மை குடிச்ச மாதிரி.

கம்பத்துக்காரன்:
நன்றி அண்ணா. அப்போ நயாகரா கேபர்னே பிராங்க், பேக்கோ எல்லாம் புதுசா செய்யறவனுக்கு வேண்டாமா? இனிப்பு எப்படி நிறுத்துறது?

மண்டி:
கேபர்னே பிராங்க் தாராளமாக வாங்கலாம். நயாகரா குளிரில் கேபர்னே சாவிஞ்ஞோனைவிட முன்னதாகப் பழுத்துவிடும், அக்டோபரில் 22 பிரிக்ஸ் வந்தால் எதையும் திருத்தத் தேவையில்லை. பழுக்காத வருஷத்தில் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடிக்கும். அதை எந்தப் பொடியும் எடுக்காது. வாங்கும்போது கொட்டையைக் கடித்துப் பாருங்கள்: பழுப்பாக, மொறுமொறுவென்று உடைந்தால் பழுத்தது; பச்சையாக நாக்கைப் பிடித்தால் காத்திருங்கள்.

பேக்கோ கலப்பின ரகம். நிறம் அபாரம், துவர்ப்பு குறைவு, புளிப்பு லிட்டருக்கு 10 கிராமைத் தாண்டும். அதை 7 பக்கம் இறக்க மாலோலாக்டிக் நொதித்தல் (பாக்டீரியா மாலிக் அமிலத்தைப் புளிப்பு குறைந்த லாக்டிக் அமிலமாக மாற்றுவது) விட வேண்டும், பிறகும் மிஞ்சினால் பொட்டாசியம் பைகார்பனேட்: ஒரு கிராம் புளிப்பு குறைய லிட்டருக்கு 0.9 கிராம். அதையும் முதலில் ஒரு லிட்டரில் சோதித்துவிட்டே போடுங்கள். முதல் தடவைக்கு இத்தனை வேலை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்; எந்தப் பழத்தைக் குறைவாகத் திருத்த வேண்டியிருக்கிறதோ அதை எடுங்கள்.

இனிப்பை நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினாலும் பாட்டிலில் மறுபடி கிளம்பி கார்க்கைத் தள்ளும். முழுக்க வறளவிட்டு, மண்டி நீக்கி, தெளிந்த பிறகு 23 லிட்டருக்கு 6 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும் (ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுப்பது) சல்பைட்டும் சேர்த்து, அப்புறம் சர்க்கரை. மாலோலாக்டிக் நடந்த வைனில் சார்பேட் போடவே கூடாது. அந்த பாக்டீரியா சார்பேட்டைத் தின்றால் ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாசம் வரும், கொட்டுவதைத் தவிர வழியில்லை. அதனால் இனிப்பு வேண்டுமென்றால் பேக்கோ பட்டியலிலிருந்து தானாகவே விழுகிறது.

புளிப்புமானி:
அப்பிடியெண்டா இரண்டு பெட்டி ஜின்பண்டல், ஒரு பெட்டி மஸ்கட். சேர்த்துப் புளிக்க வைக்காதேங்கோ. மஸ்கட்டை நசுக்கி உடனே பிழிஞ்சு, சாற்றை மட்டும் 16, 18 டிகிரியில தனிய விடுங்கோ. சூட்டில வாசம் பறந்திடும். சிவப்பு 25 டிகிரியில தோலோட 7 நாள், ஒரு நாளைக்கு மூண்டு தரம் தோலை அமத்திவிடுங்கோ, மேல காயவிட்டா வினாகிரிதான். நசுக்கின உடனே 30 லிட்டர் சாற்றுக்கு இரண்டரை கிராம் மெட்டாபைசல்பைட் (சல்பைட் பொடி), 12 மணித்தியாலத்துக்குப் பிறகு பெக்டிக் என்சைம், அடுத்த நாள் ஈஸ்ட். அழுகின முட்டை மணம் வந்தா ஈஸ்டுக்கு நைட்ரஜன் காணாது. பாதி சர்க்கரை தீர முன்னம் ஈஸ்ட் ஊட்டம் போட்டு நல்லாக் கிண்டுங்கோ.

இரண்டும் தெளிஞ்ச பிறகு கிளாஸில கலந்து ருசி பாருங்கோ: மஸ்கட் பத்துக்கு ஒண்டு, பத்துக்கு இரண்டு, பத்துக்கு மூண்டு. பிடிச்ச அளவில மிச்சத்தைக் கலவுங்கோ. வீட்டுப் பாவனைக்கு இங்க தடையில்லை, விக்கிறதுதான் குற்றம். தமிழ்நாட்டில இருந்து வாசிக்கிற ஆக்கள் செய்து பார்க்காதேங்கோ, அங்க உரிமம் இல்லாம செய்யிறதே குற்றம்.