டர்பனில் அம்மாவோடு சேர்ந்து நடக்க யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய். மாத்திரை தவறுவதில்லை, தினமும் வீட்டு முற்றத்தில் நடக்கிறார், சர்க்கரையும் கட்டுக்குள்தான். ஆனால் அப்பா போனபிறகு பேச்சே குறைந்துவிட்டது. கோயிலுக்குக் கூப்பிட்டால், அணைந்து கிடக்கும் டிவியைப் பார்த்தபடி "நீ போயிட்டு வாம்மா" என்கிறார்.

உடல், மனம், சமூகம் மூன்றும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்று 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமே சொல்கிறது. அம்மாவுக்கு முதலாவது மட்டும்தான் கிடைக்கிறது.

டர்பன் கடற்கரையில் காலையில் நடக்கிற, தமிழ் பேசுகிற வயதான பெண்கள் இருந்தால் சொல்லுங்கள். நானே காரில் கூட்டி வருகிறேன். முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். அப்புறம், இப்படி ஒடுங்கிப்போன அம்மாக்களை என்ன சொல்லி வெளியே வரவைத்தீர்கள்? முக்கியமாக அதைத்தான் கேட்கிறேன்.