பாலக்காடு–பொள்ளாச்சி ரயில்பாதையின் மீட்டர்கேஜ் காலம்: மிச்சமிருப்பதைப் பார்க்கும் முறை

கொல்லங்கோடு:
முதலில் பாதை திறந்த ஆண்டைச் சரிசெய்துகொள்வோம். போத்தனூர்–பொள்ளாச்சி 1915. பொள்ளாச்சி–திண்டுக்கல் 1928. பாலக்காடு–பொள்ளாச்சி 1932. கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் மூன்றும் கடைசிக் கணக்கில் வருபவை. முதலமடையின் ஆலமர நிழல் படத்தைப் போட்டு '1915 ஸ்டேஷன்' என்று எழுதுவது தப்பு. அப்போது இந்தப் பாதை தென்னிந்திய ரயில்வேயில் இருந்தது; 1951 ஏப்ரல் 14 முதல்தான் தெற்கு ரயில்வே. மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்ததால் 1956-க்கு முந்தைய தாள்களைக் கேரளக் கணக்கில் தேடினால் கிடைக்காது.

மீனாட்சிபுரம்:
கட்டடத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் வாசற்படியைப் பாருங்கள். மீட்டர்கேஜ் பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 305 முதல் 405 மி.மீ. உயரம்தான். அகலப்பாதையின் உயர்மட்ட பிளாட்பாரம் 760 முதல் 840 மி.மீ. 2008-ல் பாதையை மூடி 2015-ல் அகலப்பாதையாகத் திறந்த இந்தத் தடத்தில், பழைய கட்டடத்தை விட்டுவிட்டு பிளாட்பாரத்தை மட்டும் ஏற்றினால் அரை மீட்டர் அளவுக்கு வித்தியாசம் விழும். தூணின் அடிப்பாகம் மண்ணுக்குள் போயிருக்கும், மழைத்தண்ணீர் டிக்கெட் ரூமுக்குள் வரும். பக்கத்தில் மரம் இருந்தால் அடித்தண்டைச் சுற்றி மண் நிரப்பக் கூடாது, வேருக்குக் காற்று போகாது. வட்டமாகச் சுவர் எழுப்பிப் பள்ளம் விடவேண்டும்.

புதுநகரம்:
மீட்டர்கேஜ் காலத்துக் கைகாட்டி சிக்னலைப் பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை. கை படுத்திருந்தால் நில். 45 முதல் 60 டிகிரி கீழே சாய்ந்தால் போ. லீவரிலிருந்து கையை இழுக்கும் கம்பி அறுந்தால் எதிர்எடை கையைப் படுக்கைக்குக் கொண்டுவந்துவிடும்.

தொல்லை கொடுப்பது வெயில். இரும்புக் கம்பி ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். லீவரிலிருந்து 700 மீட்டரில் அவுட்டர் (ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் சிக்னல்) இருந்து, காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி கூடினால் கம்பி 12, 13 செ.மீ. தளர்ந்துவிடும். லீவரை முழுக்க இழுத்தாலும் கை அரைகுறையாகத்தான் சாயும். டிரைவர் அதை 'நில்' என்றே எடுத்துக்கொண்டு வெளியே நிற்பார். மதியம் இறுக்கிவிட்டு ராத்திரி தளர்த்த மறந்தால் நேர்மாறு: கம்பி சுருங்கி, லீவர் இழுக்காமலே கை கொஞ்சம் தொங்கும். அதனால் கம்பியை இறுக்கித் தளர்த்தும் அட்ஜஸ்டரை நாளில் இரண்டு தடவையாவது திருக வேண்டியிருந்தது.

சிக்னல் விளக்கிலும் ஒரு நுணுக்கம். பச்சைக் கண்ணாடி பகலில் நீலமாகத் தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சளோடு சேர்ந்தால்தான் பச்சை. அதை 'மாற்றி வைத்த கண்ணாடி' என்று நினைத்துவிட வேண்டாம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விளக்கை அணைத்துவிடும். ராத்திரியில் விளக்கு இல்லாத சிக்னலும் 'நில்'தான்.

கொல்லங்கோடு:
ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு ரயிலை மட்டும் விடுவதற்கான அனுமதி, நீல்ஸ் பந்து டோக்கன்; அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி. அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால் ஒரு பந்து வெளியே வரும். அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் விழும்வரை இன்னொன்று வராது. தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு டிரைவர் கையில் கொடுப்பார்கள். டிரைவர் மறந்து அடுத்த செக்‌ஷனுக்குக் கொண்டுபோய்விட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும், பந்துக்குப் பதில் காகிதத்தில் எழுதித் தரும் அனுமதியான பேப்பர் லைன் கிளியர்தான் கதி. பக்கத்து செக்‌ஷன் பந்து நம் பெட்டியில் நுழையாதபடி பந்தின் அமைப்பு மாறும். அதனால் பழைய சாமான் கடையில் பந்து கிடைத்தால் பொறித்திருக்கும் ஊர்க்குறியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள்.

பொள்ளாச்சி:
அட்டை டிக்கெட் சேகரிப்பவர்களுக்கு ஒன்று. எண்ணை வைத்து ஆண்டைச் சொல்லாதீர்கள். ஒரு சுற்று முடிந்தால் எண் மறுபடி தொடங்கும். ஓரத்தில் மிஷினில் அழுத்திய தேதிதான் சாட்சி. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மங்கியதும் தெரியும். எண்ணின் வேலை வேறு: அன்றைய முடிவெண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்து, கட்டணத்தால் பெருக்கினால் அன்றைய ரொக்கம். ஈரத்தில் அட்டை ஒட்டி இரண்டு சேர்ந்து வந்தால் கணக்கில் ஒரு டிக்கெட் காசு குறையும்.

புதுநகரம்:
ஆவணம் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பொள்ளாச்சி தமிழ்நாட்டில் இருந்தாலும் ரயில்வேயின் பாலக்காடு கோட்டத்தில்தான் இருக்கிறது. 2007-ல் சேலம் கோட்டம் வந்தபோது போத்தனூர் அங்கே போனது, பொள்ளாச்சி போகவில்லை. மனுவைச் சேலத்துக்கு அனுப்பினால் இன்னொரு மேசைக்குத் திருப்பிவிடுவார்கள், அதற்கே மாதம் போய்விடும்.