பொருள்: ஓவர்கிளாக் – ‘மிகைக்கடிகாரம்’ வேண்டாம், ‘துடிப்பேற்றல்’ ஆகுமா?

கணினிச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் பட்டியல் போடும் நம் குழு நண்பர்களுக்கு வணக்கம். ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஓவர்கிளாக் = மிகைக்கடிகாரம். நேரான சொல், இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. கடிகாரம் என்றால் நமக்கு மணி பார்க்கிற பொருள். ப்ராசஸருக்குள், அதாவது கணினியின் முதன்மைச் சில்லுக்குள், இருப்பது ஒரு துடிப்பு, நாடி மாதிரி சீராக அடித்துக்கொண்டிருப்பது. மதர்போர்டு கொடுக்கும் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதை 47ஆல் பெருக்கினால் 4.7 கிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 470 கோடித் துடிப்பு. சில்லு செய்தவர்கள் வைத்த அளவுக்கு மேல் இந்தப் பெருக்கெண்ணைக் கூட்டி வைப்பதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம். கூடுவது துடிப்புதானே, கடிகாரம் எங்கே வந்தது?

‘முடுக்கம்’ என்று தஞ்சாவூர்த் தம்பி எழுதியிருந்தார். அந்தச் சொல் பள்ளி இயற்பியலில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ‘அதிர்வெண் உயர்த்தல்’ பொருளில் சரி. ஆனால் நாம் அதிர்வெண் என்பதை இலங்கையில் மீடிறன் என்கிறார்கள். துடிப்பு இரண்டு பக்கமும் புரியும்.

ஆகவே என் பரிந்துரை ‘துடிப்பேற்றல்’. ‘ஏறு’ தன்வினை, ‘ஏற்று’ பிறவினை. வேலை கூடும்போது சில்லு தானாகவே வேகம் கூட்டிக்கொள்கிறதே, டர்போ என்று, அது துடிப்பேறல். நாம் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைவு நிரல்) போய் ஏற்றி வைப்பது துடிப்பேற்றல். அதேபோலச் சூடு தாங்காமல் சில்லு தானே வேகம் குறைப்பது துடிப்பிறங்கல். நாமே குறைத்து வைப்பது துடிப்பிறக்கல். ஏறினதா ஏற்றினதா, இறங்கினதா இறக்கினதா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. ‘மிகை’, ‘குறை’ போட்டால் இந்த வசதி கிடையாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் காசிமேட்டுப் பையன் ஒருவன் கேபினட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். “அண்ணா, ஓவர்கிளாக் நிக்க மாட்டேங்குது. நைட்டு வெச்சா காலைல போயிடுது” என்றான். யாரோ போனில், “நிக்கலன்னா வோல்டேஜ் பத்தலடா, ஏத்து” என்று சொல்லியிருக்கிறார்கள். 1.25 வோல்ட்டில் இருந்ததை இவன் மூன்று தடவையாக 1.40 வரை ஏற்றியிருந்தான். சில்லு வீணாகக் கொதித்ததுதான் மிச்சம்.

நான் பயாஸைத் திறந்ததும் முதலில் தேதியைப் பார்த்தேன். சில வருடம் பின்னால் நின்றது. விண்டோஸ் இணையத்திலிருந்து மணியைச் சரிசெய்துகொள்வதால் அங்கே பார்த்தால் இது தெரியாது. பயாஸ் திரையில்தான் பார்க்க வேண்டும். “வீட்டில் ராத்திரி சுவிட்சை அணைப்பீங்களா?” என்று கேட்டேன். அம்மா படுக்கும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவாராம். அப்புறம், மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் அமைவையும் காப்பாற்றி வைக்கிற மதர்போர்டு பேட்டரியைக் கழற்றினேன். கடல் காற்றுக்குப் பிடியின் தகட்டில் பச்சை பூத்திருந்தது. 3 வோல்ட் காட்ட வேண்டிய அந்த சி.ஆர். 2032 வகை பேட்டரி, மல்டிமீட்டரில் 2.3 காட்டியது. தகட்டைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, வோல்டேஜைப் பழைய அளவுக்கே இறக்கி, பெருக்கெண்ணை மறுபடி வைத்தேன். மின்சாரத்தைப் பிடுங்கி ஒரு ராத்திரி விட்டும் வைத்தது அப்படியே இருந்தது.

அவன் ‘நிக்கல’ என்றது தப்பில்லை. ஆனால் ‘நிக்கல’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு கோளாறு ஒளிந்திருக்கிறது. எங்கள் பக்கம் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். சாயம் பிடிக்கவில்லை என்பது வேறு, சாயம் போய்விட்டது என்பது வேறு. முதலாவதற்குச் சாயம் போட்டவரைக் கேட்பார்கள், இரண்டாவதற்குத் துவைத்தவரைக் கேட்பார்கள். இந்தப் பேட்டையே கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்றது, அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை.

நமக்கும் அப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டும். பெருக்கெண் பூட்டிய சில்லில் ஏற்றினால் அது முதலிலேயே ஏறாது (இன்டெல்லில் பெயரின் கடைசியில் ‘கே’ இருக்கிறதா என்று பாருங்கள்). இதைப் பிடிக்காமை எனலாம். இரண்டாவது, பையனுக்கு நடந்தது. ஏற்றியது ஏறிவிட்டது, ஆனால் பேட்டரி தீர்ந்ததால் அழிந்துபோனது. இது மறதி. மூன்றாவது, ஏற்றியது அளவு மீறி, கணினி ஓரிரு முறை எழுந்திருக்கத் தவறினால், மதர்போர்டு தானே பழைய அளவுக்குத் திரும்பி, எஃப்1 அழுத்தச் சொல்லி ஒரு செய்தி காட்டும். இது பின்வாங்கல். இங்கே தேதி சரியாகவே இருக்கும். வோல்டேஜைத் தொட வேண்டியது இந்த இடத்தில்தான், அல்லது பெருக்கெண்ணை ஒன்றிரண்டு குறைக்க வேண்டும். விண்டோஸுக்குள் மென்பொருள் வழியாக ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான். இடையில் கணினி உறைந்து நின்றால் அந்த மென்பொருளே மதிப்புகளைப் பழையபடி மாற்றிவிடும்.

நான்காவது துடிப்பிறங்கல். கத்திரி வெயிலில் எங்கள் தெருவில் அதிகம் வருவது இதுதான். இன்டெல் சில்லுகள் பலவும் 100 டிகிரியை நெருங்கினால் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பயாஸில் 47 அப்படியே இருக்கும், ஓட்டத்தில் மட்டும் இருக்காது. வெப்பப் பசையையும் விசிறியையும் பார்க்க வேண்டுமே தவிர, பயாஸை நோண்டக் கூடாது. வேலையில்லாத நேரத்தில் வேகம் குறைவாகத் தெரிவதும் இறங்கல்தான், அது கோளாறே இல்லை. அதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் நிறைய.

பையனுக்குக் கொடுத்த ரசீதில் கோளாறு என்ற இடத்தில் ‘அமைவு மறதி – பேட்டரி மாற்றம்’ என்று எழுதினேன். அவன் அப்பா வாங்கிப் படித்துவிட்டு, “பேட்டரி தீந்தா மறந்துடுமா, சரி” என்றார். அதற்கு மேல் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

‘பின்வாங்கல்’ போர்க்களச் சொல்லாக ஒலிக்கிறது என்று அம்மா ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். ‘மீள்வு’ என்று வைத்தால், நாமே மீட்டமைப்பதோடு குழம்பும் என்று நினைக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்ற மூன்றையும் பட்டியலில் சேர்க்கலாமா?

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து